மூட்டுவாதமுற்ற குழந்தைகளின் கண்ணழற்சியும் சூழற் காரணிகளும்

நோவு என்பது நோயாளிக்கு வெறுப்புத் தருவதாயினும் வைத்தியருக்குப் பெரிதும் துணைசெய்வது. பல் நோகின்றமையாற் பல் வைத்தியரை நாடுகின்றோம். வயிறு நோகின்றமையால் உண்ட உணவை ஆராய்கின்றோம். நோவின்றி வரும் நோயே அஞ்சத்தக்கது. அத்தகைய நோய் ஒரு குழந்தையின் கண்ணிற் புகுமாயின், அது தன் வரவைக் குழந்தைக்கும் அறிவியாது, பெற்றோருக்கும் அறிவியாது, பல திங்கள் தன் தொழிலை நடாத்திச் செல்லும். குழந்தைப்பருவ மூட்டுவாதத்தோடு கூடிவரும் கண்ணழற்சி இவ்வினத்தைச் சார்ந்தது.

இம்மலரை வாசிப்போருள் பழைய மாணவர் பலர் தந்தையராயும் பேரராயும் இருப்பர். ஆசிரியர்கள் நாடோறும் பல பிள்ளைகளின் நடையையும் பார்வையையும் காண்பவர்கள். மேல்வகுப்பு மாணவருட் சிலர் நாளை வைத்தியராகக் கூடியவர். இம்மூவகையினருக்கும் பயன்படும் என்னும் எண்ணத்தினாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

மூட்டு வீங்கிய குழந்தையின் தாய் வைத்தியரிடம் கேட்கும் முதல் வினா, “இது எதனால் வந்தது?” என்பதே. அவ்வினாவினுள்ளே வேறொரு வினா மறைந்திருக்கும். “நான் செய்த பிழையால் வந்ததோ?” என்பதே அது. குளிர்ந்த நீரில் முழுக விட்டேனோ, பனியில் விளையாட விட்டேனோ, ஆகாத உணவைக் கொடுத்தேனோ, தடுப்பூசி போடுவித்தேனோ எனத் தாய் தன்னையே நொந்துகொள்வாள். குழந்தையின் உடம்புக்குப் புறத்தேயுள்ள சூழலில் இந்நோயை விளைப்பனவும் மிகுப்பனவும் எவை, அவற்றுள் எவை நிறுவப்பட்டன, எவை ஐயத்தின்பாற்பட்டன என்பதை முறையாக நோக்கினாலன்றி அவ்வினாவுக்கு நேர்மையான விடை கூறல் இயலாது.

நோயின் வரலாறும் இலக்கணமும்

மூட்டுவாதம் முதியோர் நோய் என்பது பொதுமக்களின் நம்பிக்கை. அது முற்றும் உண்மையன்று. இலண்டன் மாநகரிற் குழந்தை வைத்தியராய் விளங்கிய ஜோர்ஜ் பிரெடறிக் ஸ்ரில் என்பவர், நாட்பட்ட மூட்டுநோயுற்ற 22 குழந்தைகளை ஆராய்ந்து, 1897ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் முதியோரின் நோயினின்றும் வேறுபடுவது என்பது அதனாற் புலனாயிற்று.

பதினாறாவது பிறந்தநாளுக்கு முன் தொடங்கி, ஆறு கிழமைகளுக்குக் குறையாது நீடித்து, வேறெக் காரணமும் காட்டவியலாத மூட்டழற்சியை இக்கால வைத்தியர் ‘காரணமறியாக் குழந்தைப்பருவ மூட்டுவாதம்’ என வழங்குவர். தன் அறியாமையைத் தன் பெயரிலேயே ஒப்புக்கொள்ளும் நோய் இது. 2001ஆம் ஆண்டிற் கனடாவின் எட்மன்ரன் நகரிற் கூடிய அறிஞர்கள் திருத்திய வகுப்பின்படி இதில் ஏழு பிரிவுகள் உள. அவற்றுள், நோயின் முதல் ஆறு திங்களில் நான்கு மூட்டுக்களுக்கு மேற்படாது தாக்குவது ‘சின்மூட்டு’ வகை எனப்படும். எமது பொருளுக்கு இவ்வகையே முதன்மையானது.

மூட்டுநோய்க்கும் கண்ணுக்குமுள்ள தொடர்பு ஸ்ரில் என்பாருக்குப் பின்னரே எடுத்துக்காட்டப்பட்டது. 1910ஆம் ஆண்டில் ஜேர்மனியக் கண் வைத்தியர் ஓம் என்பவர், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் கண்ணின் முன்புறத்தே பட்டைபோற் படிந்த வெண்மையை விவரித்து எழுதினார். அச்சிறுமி மூட்டுநோயும் உடையவள். இன்று, இம்மூட்டுவாதமுற்ற குழந்தைகளுள் 100க்கு 10 முதல் 20 வரையினர் கண்ணழற்சிக்கும் ஆளாகின்றனர் என ஐரோப்பிய, அமெரிக்கக் கணக்குக்கள் பொதுவாகக் கூறும்.

ஓசையின்றி வரும் அழற்சி

கண்ணின் நிறம் பொருந்திய வட்டமாகிய கதிராளியும், அதன் வேரையொட்டி நின்று கண்ணினுள் நீரைச் சுரக்கும் வளையமும், பின்புறத்தே குருதிக்கலன்கள் நிறைந்த படலமும் ஒன்றோடொன்று தொடர்ந்த ஓருறுப்பாகும். இதனை விழியின் நடுப்படலம் எனக் கொள்வோம். மூட்டுவாதக் குழந்தைகளில் இதன் முன்பகுதியே பெரும்பாலும் அழற்சியுறும்.

நாலு வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். காலையில் எழுந்ததும் ஒரு முழங்காலை மடக்க மாட்டாது நொண்டுகின்றாள். வெயில் ஏற ஏற நடை சீராகின்றது. பெற்றோர் முழங்காலையே நோக்குகின்றனர். அவள் கண் சிவக்கவில்லை, நீர் வடியவில்லை, கூசவில்லை, நோகவில்லை. ஆயினும் கதிராளியிலிருந்து வெண்குருதிக் கலங்களும் புரதமும் கண்ணின் தெளிநீரிற் கசிந்துகொண்டிருத்தல் கூடும். வெண்மையாய், அமைதியாய் இருக்கும் கண்ணினுள் இஃது நிகழ்வதே இந்நோயின் வஞ்சகம். ஒரு கண்ணின் பார்வை மங்கினாலும் மற்றக் கண்ணின் துணையால் அவள் ஓடியாடித் திரிவாள். குழந்தைக்குத் தான் முன்பு எவ்வாறு கண்டோம் என ஒப்புநோக்கும் அறிவும் இல்லை.

இவ்வழற்சி கவனிப்பாரற்று நீடிக்குமாயின், கதிராளி பின்னுள்ள வில்லையோடு ஒட்டிக்கொள்ளும். கண்மணி வட்டவடிவம் இழக்கும். கண்ணின் முன்னுள்ள தெளிந்த விழிவெண்படலத்திற் கல்சியம் பட்டையாய்ப் படியும். இதுவே ஓம் என்பார் கண்டது. வில்லை மங்கிக் கண்புரை உண்டாகும். உள்நீர் வெளியேறும் வழி அடைபட்டுக் கண்ணழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பை நலிவிக்கும். பார்வைப் புலன் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளவயதில் ஒரு கண் மங்குமாயின், மூளை அக்கண்ணைப் புறக்கணித்துப் பழகிவிடும். பின்னர் மங்கலை நீக்கினும் பார்வை முழுதும் மீளாது.

வெறுங்கண்ணாற் காணமுடியாத இதனைக் காணும் கருவி ஒன்றுண்டு. சுவீடன் நாட்டு அறிஞர் அல்வார் குல்ஸ்ராண்ட் 1911ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய பிளவு விளக்கே அது. இருண்ட அறையிற் கதவின் துவாரத்தால் ஒரு வெயிற்கதிர் நுழையுங்கால், அதுவரை காணப்படாத தூசுகள் அக்கதிரில் மிதப்பதைக் காண்கின்றோம். அவ்வாறே பிளவு விளக்கின் மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணினுட் செலுத்தி நுணுக்குக்காட்டியாற் பார்க்குங்கால், தெளிநீரில் மிதக்கும் கலங்கள் புலப்படும். கலங்களை எண்ணி நோயின் அளவையும் கூறலாம். நோவில்லாத இச்சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

எக்குழந்தைகளுக்கு இடர் மிகுதி

சூழலை ஆராயுமுன், குழந்தையோடு பிறந்தனவும் நோயின் இயல்பிலேயே உள்ளனவுமாகிய காரணிகளை அறிதல் வேண்டும். அவை சூழற் காரணிகளிலும் வலியன. பல நாடுகளிற் பலகாலும் உறுதிப்பட்டவை.

முதலாவது, இளவயதில், சிறப்பாக ஏழு வயதுக்கு முன், மூட்டுவாதம் தொடங்குதல். இரண்டாவது, சின்மூட்டு வகையாயிருத்தல். மூன்றாவது, உடம்பின் கலங்களினது கருவையே பகைப்பொருளாகக் கருதும் ஒருவகைப் பிறபொருளெதிரி குருதியிற் காணப்படுதல். நான்காவது, மூட்டுவாதம் தொடங்கிய முதல் நான்கு ஆண்டுகளுள் இருத்தல். இந்நோய் பெண்குழந்தைகளிடமே மிகுதியாகவும் காணப்படும். சிற்சில பரம்பரையலகுகளும் இதனோடு தொடர்புடையன.

வேறொரு வகையையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். தசைநார் என்பில் ஒட்டுமிடத்தில் அழற்சி உண்டாகும் வகை, பெரும்பாலும் வளர்ந்த சிறுவரைப் பற்றும். அவர்களுக்கு வரும் கண்ணழற்சி ஓசையின்றி வருவதன்று. கண் திடீரெனச் சிவந்து, நொந்து, ஒளிக்குக் கூசும். நோவு அங்கே தூதுவனாகி வைத்தியரிடம் அழைத்துச் செல்லும். தூதுவனில்லாத முதல் வகையே எமது கவலைக்குரியது.

சூழலை ஏன் ஐயுறுகின்றோம்

பரம்பரையே முழுக் காரணமாயின், ஒரே கருவிற் பிறந்த ஒத்த இரட்டையருள் ஒருவருக்கு இம்மூட்டுவாதம் வந்தால் மற்றவருக்கும் தவறாது வருதல் வேண்டும். ஆனால், அவ்வாறு இருவருக்கும் வருவது 100க்கு 25 முதல் 40 வரையே எனக் கணித்துள்ளனர். எஞ்சிய இடத்தை நிரப்புவது யாது? பிறப்பின் பின் குழந்தையைச் சூழ்வனவும் தற்செயலும் எனவே கொள்ளவேண்டியுள்ளது.

நாடுகளுக்கிடையே காணப்படும் வேற்றுமையும் இவ்வையத்தை எழுப்பும். 49 நாடுகளைச் சேர்ந்த 9,000க்கு மேற்பட்ட மூட்டுவாதக் குழந்தைகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியான பேராய்வில், வட ஐரோப்பாவிற் கண்ணழற்சி 100க்கு 19 பேரளவிற் காணப்பட, தென்கிழக்காசியத் தொகுதியில் 5 பேரளவிலேயே காணப்பட்டது. இதனைக் கண்டதும், “எமது சூழலே எம்மைக் காக்கின்றது” எனக் கூற நா எழும். அவசரப்படலாகாது. கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் பல இனக் குழந்தைகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டபொழுது, ஒரே நகரில் வாழ்ந்தும் ஐரோப்பிய வழிவந்த குழந்தைகளிடையே சின்மூட்டு வகை மிகுந்திருந்தமை தெரிந்தது. ஆகவே நாட்டு வேற்றுமையின் ஒரு பங்கு பரம்பரையைச் சார்ந்தது. மேலும், கண்ணைச் சோதியாத நாட்டிற் கண்ணழற்சி குறைவாகவே எண்ணப்படும் என்பதையும் மறத்தல் கூடாது.

ஐயுறப்பட்ட சூழற் காரணிகள்

இனி, ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம். இங்கு மாணவர் ஒரு விதியை மனங்கொள்ளல் வேண்டும். இரண்டு பொருள்கள் ஒருங்கு காணப்படுதல் வேறு. ஒன்று மற்றதற்குக் காரணமாதல் வேறு. சேவல் கூவியபின் பொழுது விடிகின்றது. ஆயினும் பொழுது விடிதற்குச் சேவல் காரணமன்று.

விற்றமின் டீயும் வெயிலும். வெயில் தோலிற் படுதலால் உடம்பு தானே ஆக்கிக்கொள்ளும் இவ்விற்றமின் என்பை உறுதிப்படுத்துவதோடு, உடம்பின் நிர்ப்பீடனத் தொழிலையும் மட்டுப்படுத்துவது. ஜேர்மனியில், மூட்டுவாதம் புதிதாகக் கண்டறியப்பட்ட 360 குழந்தைகளின் குருதியை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டனர். ஏறக்குறையப் பாதிப்பேரிடம் இவ்விற்றமின் குறைந்திருந்தது. குறைந்தோரிடையே மூட்டுநோயும் மிகுந்தது, கண்ணழற்சி தோன்றும் இடரும் மிகுந்தது. மெல்பேண் நகர ஆய்வொன்றும் வெயில் மிகப்பட்ட குழந்தைகளிடையே மூட்டுவாதம் குறைந்திருத்தலைக் காட்டியது. கண்ணழற்சியைப் பொறுத்தவரை சூழற் காரணிகளுள் இதற்கே ஓரளவு நேரான சான்று உண்டு. ஆயினும் மூட்டு நொந்த குழந்தை வெளியே ஓடியாடாது வீட்டினுள் இருந்தமையாலும் விற்றமின் குறைந்திருக்கலாம் அன்றோ? அவ்வாறாயின் குறைபாடு நோயின் விளைவேயன்றிக் காரணமாகாது. வெயில் மிக்க தெற்காசிய நாடுகளிலும் இக்குறைபாடு பரவலாகக் காணப்பட்டுள்ளது. ஆதலின் வைத்தியர் அளந்து பார்த்து, குறைந்திருப்பின் நிறைத்தல் நன்று. என்புக்காயினும் அது உதவும். தாமாக வாங்கி அளவுக்கு மிஞ்சி ஊட்டுவது கேட்டையே விளைக்கும்.

குடலில் வாழும் நுண்ணுயிர்கள். எமது குடலிற் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. குழந்தைப்பருவத்தில் நிர்ப்பீடனத் தொகுதி நண்பனையும் பகைவனையும் பிரித்தறியப் பழகுவது பெரிதும் இவற்றோடு பழகியே என அறிஞர் கருதுவர். பிரித்தானியாவில் மூட்டுவாதமுற்ற 152 குழந்தைகளை, ஒத்த வயதினரான 1,520 பிற குழந்தைகளோடு ஒப்பிட்டு 2015இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பெற்றிருந்தோரிடை மூட்டுவாதத்தின் இடர் ஏறக்குறைய இருமடங்காயிருந்தது. அதே ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் கண் நிலையத்தில் றேச்சல் காஸ்பி என்பவரும் துணைவரும், தானாகவே கண்ணழற்சியுறும் ஓரின எலிகளை ஆராய்ந்தனர். குடற் பற்றீரியாக்களே நிர்ப்பீடனக் கலங்களைக் கண்ணுக்கு எதிராகத் தூண்டின என்றும், நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துப் பற்றீரியாக்களைக் குறைத்தபோது கண்ணழற்சியும் தணிந்தது என்றும் கண்டனர். ஒரே மருந்து குழந்தைகளில் இடரோடும் எலிகளில் நன்மையோடும் தொடர்புற்றிருத்தல் காண்க! எலி குழந்தையன்று, மூட்டு கண்ணன்று. இவ்விரு ஆய்வுகளும் ஒருசேர உணர்த்துவது, குடலுக்கும் கண்ணுக்கும் தொடர்பு இருத்தல் கூடும் என்னும் அளவே. சளிக்கும் தடிமனுக்கும் வேண்டாது நுண்ணுயிர்க்கொல்லி வாங்கிக் கொடுத்தல் எவ்வகையாலும் தவறு; வேண்டியவிடத்துக் கொடாதிருத்தல் அதனினும் பெருந்தவறு.

உடன்பிறந்தார். மெல்பேண் ஆய்வாளர் 2015இல் வெளியிட்ட வேறொரு கட்டுரை, உடன்பிறந்தாரோடு வளர்ந்த குழந்தைகளிடை மூட்டுவாதம் குறைந்திருந்ததெனக் கூறும். பல பிள்ளைகள் உள்ள வீட்டிற் சிறு தொற்றுக்கள் கைமாறுதலால் நிர்ப்பீடனத் தொகுதி இளமையிலேயே பயிற்சி பெறுகின்றது என்பது ஒரு விளக்கம். இது மூட்டைப் பற்றிய ஆய்வேயன்றிக் கண்ணைப் பற்றியதன்று.

புகை. சான் பிரான்சிஸ்கோ நகரிற் பெரியோரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டபோது, புகைப்போரிடை நடுப்படல அழற்சி புகையாதாரிலும் ஏறத்தாழ இருமடங்கு மிகுந்திருந்தமை தெரிந்தது. தாய் கருவுற்றிருக்குங்கால் புகைத்தலைப் பற்றி நாடுகள்தோறும் நடந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முரணுகின்றன. முரண் தீருமட்டும் காத்திருத்தல் வேண்டியதில்லை. குழந்தை உள்ள வீட்டிற் புகைபிடித்தல் நெஞ்சுக்கும் காதுக்கும் கேடு என்பது நிறுவப்பட்டதே; தந்தையர் சுருட்டை வெளியே விட்டு வருதற்கு அதுவே போதும்.

தடுப்பூசி. பெற்றோர் பெரிதும் அஞ்சுவது இதுவாகலின் விரித்துக் கூறுவோம். நெதர்லாந்தில் மூட்டுவாதமுற்ற 137 குழந்தைகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்குச் சின்னமுத்து, கூவைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து ஆகியவற்றின் மீளூட்டற் தடுப்பூசியைப் போட்டு, மறுபகுதியினருக்குப் போடாது ஓராண்டு நோக்கினர். 2013இல் வெளியான முடிவின்படி ஊசி பெற்றோரின் மூட்டுநோய் மற்றையோரிலும் மோசமாகவில்லை. நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துண்ணும் குழந்தைக்கு உயிருள்ள தடுப்புமருந்து கொடுப்பதை மாத்திரம் வைத்தியரைக் கேட்டே தீர்மானித்தல் வேண்டும். அச்சத்தால் எல்லா ஊசிகளையும் நிறுத்துவோர், மருந்தால் எதிர்ப்பு மெலிந்த குழந்தையைக் கொடிய தொற்றுக்களின் வாயில் நிறுத்துகின்றனர்.

தண்ணீரில் முழுகுதலும், பனியில் நிற்றலும், குளிர்ந்த உணவும் இவ்வழற்சிக்குக் காரணம் என்பதற்கு எச்சான்றும் இல்லை.

தமிழ்நாடு தரும் பாடம்

சூழல் கண்ணழற்சியை நேரே விளைப்பதும் உண்டு. அதற்கு மதுரை நகரிற் கண்டறிந்த இரு செய்திகள் சான்றாகும். பெருவெள்ளத்தை அடுத்து, எலிகளின் சிறுநீராற் பரவும் எலிக்காய்ச்சல் 1994இல் அங்கு பெருகியது. அரவிந்த் கண் வைத்தியசாலையினர் அதனால் நடுப்படல அழற்சியுற்ற 73 பேரை விவரித்து 1997இல் வெளியிட்டனர். பின்னர், ஊர்க்குளத்திலும் ஆற்றிலும் நீராடிய சிறுவரின் கண்ணில் வெண்ணிறக் கட்டியோடு கூடிய அழற்சி உண்டாதலைக் கண்டு, அது நீர்வாழ் தட்டைப்புழுவொன்றால் வருவது எனத் துணிந்தனர். 41 குழந்தைகளைப் பற்றிய அவ்வறிக்கை 2002இல் வெளிவந்தது.

இவை மூட்டுவாதக் கண்ணழற்சியின் வேறானவை; தொற்றினால் வருபவை. இவற்றை ஈண்டுக் கூறியதற்குக் காரணம் உண்டு. எமது போன்ற வெப்பநாடுகளிற் குழந்தையின் கண்ணழற்சி எனின் வைத்தியர் முதலில் தொற்றையே நினைப்பர், நினைத்தலும் முறையே. ஆனால் மூட்டுவாதமுற்ற குழந்தையின் கண் வெளிப்பார்வைக்குக் குற்றமற்றதாய் இருத்தலின், தொற்றும் இல்லை, நோயும் இல்லை என விட்டுவிடுதல் எளிது. அதுபோலவே, மூட்டுவாதம் உள்ளது என்பதொன்றைக் கொண்டே சிவந்த கண்ணுக்கெல்லாம் அழற்சியடக்கும் துளிமருந்தை இடுதலும் தீது. தொற்று இருப்பின் அம்மருந்து அதனை வளர்த்துவிடும்.

ஐயமற நிறுவப்பட்ட காரணிகள்

மேற்கூறிய சூழற் காரணிகள் யாவும் சிறியன, ஐயத்தொடு பட்டன. ஆயின், குழந்தைக்குப் புறத்தே நின்று அதன் பார்வையைத் தீர்மானிக்கும் காரணிகள் சில ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளன. வெயிலும் குடற் பற்றீரியாவும் போல அவை புதுமையானவை அல்ல. ஆதலின் எவரும் அவற்றைச் சூழல் என எண்ணுவதில்லை.

ஒன்று, காலந்தவறாத கண்சோதனை. 2019இல் அமெரிக்க மூட்டுவாதவியற் கல்லூரி முதலியோர் வெளியிட்ட வழிகாட்டியின்படி, மேற்கூறிய உள்ளிடர்கள் ஒருங்கமைந்த குழந்தையின் கண்ணை மூன்று திங்களுக்கொருமுறையும், ஏனையோரது கண்ணை ஆறு முதல் பன்னிரண்டு திங்களுக்கொருமுறையும் பிளவு விளக்காற் பார்த்தல் வேண்டும். குழந்தை யாதொரு குறையும் கூறாதிருப்பினும் இது வேண்டும். கூறாதிருத்தலே இதற்குக் காரணம்.

இரண்டு, உரிய காலத்தில் உரிய மருந்து. அழற்சியை அடக்கும் ஸ்ரெரோயிட்டுத் துளிமருந்தே முதலிற் கொடுக்கப்படுவது. அதனைப் பலகாலம் மிகுதியாக இடின் அதுவே கண்புரையையும் கண்ணழுத்தத்தையும் உண்டாக்கும். ஆதலின் சில திங்களின் பின்னும் நாடோறும் துளியின்றி அடங்காத நோய்க்கு, மெதொத்திரெட்சேற்று என்னும் உள்மருந்தைக் கிழமைக்கொருமுறை கொடுப்பர். ஜேர்மனியில் 3,500க்கு மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு 2016இல் வெளியான ஆய்வு, மூட்டுவாதத்தின் முதலாண்டிலேயே இம்மருந்தைத் தொடங்கியோரிடைக் கண்ணழற்சி குறைவாகவே தோன்றியது எனக் காட்டியது.

அதற்கும் அடங்காதோருக்கு அடலிமுமாப் என்னும் ஊசிமருந்து உண்டு. பிரிஸ்ரல் நகரத்து வைத்தியர் ரமணன் முதலியோர் பிரித்தானியாவில் 90 குழந்தைகளில் நடாத்திய சோதனை 2017இல் வெளியாயிற்று. மெதொத்திரெட்சேற்றோடு இவ்வூசியும் பெற்றோருள் 100க்கு 27 பேரிடமும், அதனோடு வெற்றூசி பெற்றோருள் 100க்கு 60 பேரிடமும் வைத்தியம் பயனற்றுப் போயிற்று. ஒரு தலைமுறைக்கு முன் பார்வையிழந்திருக்கக்கூடிய குழந்தைகள் பலர் இன்று புத்தகம் வாசிக்கின்றனர் எனின், அஃது இத்தகைய ஆராய்ச்சியின் பயனே.

மூன்று, மருந்தை இடைநிறுத்தாமை. மூட்டு வீக்கம் வற்றியதும், “பிள்ளை சுகம்” எனக்கொண்டு மருந்தையும் கண்சோதனையையும் ஒருங்கே கைவிடுதல் பெற்றோரிடம் காணப்படும் வழக்கம். மூட்டும் கண்ணும் ஒருங்கு நடப்பனவல்ல. மூட்டு அடங்கியபின் கண் எரிதல் கூடும். அரிதாக, மூட்டு வீங்குமுன்னரே கண்ணில் அழற்சி தொடங்கலும் உண்டு. நோய் ஈராண்டுக்குக் குறையாது அடங்கியிருந்த பின்னரே உள்மருந்தைக் குறைக்க எண்ணுவர். துளிமருந்தின் அளவை மாற்றும்போதெல்லாம் ஒரு திங்களுள் கண்ணை மீளவும் சோதிப்பர்.

நான்கு, தூரமும் பொருளும். பிளவு விளக்கு உள்ள வைத்தியசாலைக்கு எத்தனை மைல், அங்கு செல்ல எத்தனை பஸ் மாறவேண்டும், தந்தையின் ஒருநாட் கூலி போகுமா என்பனவும் குழந்தையின் சூழலே. நோய் எல்லாரையும் ஒப்ப நோக்கினும், உலகம் அவ்வாறு நோக்குவதில்லை. மேற்குறித்த 49 நாடுகளின் ஆய்வும், பொருள்வளங் குறைந்த நாடுகளின் குழந்தைகளிடை மூட்டுநோயின் தழும்பு மிகுந்திருத்தலைக் காட்டிற்று.

வீடும் பாடசாலையும்

பெற்றோர் செய்யத்தக்கன சில. மூட்டுவாதம் எனத் துணிந்த அன்றே, “பிள்ளையின் கண்ணை எப்பொழுது பார்ப்பீர்கள்?” என வைத்தியரைக் கேட்டல் வேண்டும். அடுத்த கண்சோதனை நாளை வீட்டு நாட்காட்டியிற் குறித்து வைத்தல் வேண்டும். துளிமருந்து இடும் வேளையைத் தாய்க்கு மட்டும் விடாது வீட்டார் பங்கிட்டுக் கொள்வது நன்று. பகலிற் பலமுறை அழும் குழந்தையைப் பிடித்துக் கண்ணில் மருந்திடுதல் எளிய தொழிலன்று.

ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. காலைப் பிரார்த்தனையில் நொண்டி நின்று, நண்பகலில் ஓடி விளையாடும் பிள்ளையைச் சோம்பன் என்றோ நடிப்பவன் என்றோ கொள்ளலாகாது. காலை விறைப்பு இந்நோயின் இயல்பு. கரும்பலகையைச் சரிவர நோக்காத பிள்ளை, ஒரு கண்ணைச் சுருக்கி வாசிக்கும் பிள்ளை, கண்மணி வட்டமாயில்லாத பிள்ளை ஆகியோரைக் கண்டால் பெற்றோருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். ஆயினும் இவ்வறிகுறிகள் தோன்றும்வரை நோய் காத்திருந்ததன்று; இவை தோன்றியபோது காலம் ஓரளவு கடந்துவிட்டது என்பதே பொருள். கண் வைத்தியரிடம் செல்வதற்கு மூன்று திங்களுக்கொருநாள் வரவு தவறும் பிள்ளையை அதன் பொருட்டுக் கடியாதிருத்தல், ஆசிரியர் செய்யக்கூடிய பேருதவி.

முடிவுரை

தாயின் வினாவுக்கு மீள்வோம். “இது எதனால் வந்தது?” என்றாள். பரம்பரை ஒரு பங்கு; சூழல் ஒரு பங்கு; எஞ்சியது இன்னும் ஆராயப்படுவது. “நான் செய்த பிழையால் வந்ததோ?” என்னும் மறைந்த வினாவுக்கோ எமது விடை திட்டமானது. அன்று, தாயே, அன்று. அவள் முழுகவிட்ட நீரும், ஊட்டிய உணவும், போடுவித்த ஊசியும் அந்நோயைக் கொண்டுவந்தன என்பதற்குச் சான்றில்லை. வந்த காரணத்தைத் தேடித் தன்னை நொந்துகொள்ளும் தாய் அவ்வலியிலே அடுத்த சோதனை நாளை மறப்பாளாயின், அதுவே குழந்தைக்கு உண்மையான இடராகும்.

காரணத்தை அறிதல் ஆராய்ச்சியாளர் கடன். இன்று மேல்வகுப்பிற் பயிலும் எம்மாணவருள் ஒருவரேனும் அக்கடனை ஏற்பாராக. ஏனைய எமக்கு உள்ள கடன் அதனினும் எளிது. அருமையான பொருளைக் கண்ணைப் போலக் காப்போம் என்பது தமிழ் வழக்கு. கண்ணையே காத்தற்கு உவமை வேண்டியதில்லை; இருண்ட அறை ஒன்றும், பிளவு விளக்கு ஒன்றும், மூன்று திங்களுக்கொருமுறை தவறாது சென்றுவரும் உறுதியும் போதும்.